பாலத்துப் பக்கம்

ஜூன் கடைசி. இரவு பதினொன்று.
கிழக்கு ஃபின்லாந்தில் ஓர் ஏரிக்கரை நடனக் கொட்டகை.
சூரியன், விடைபெற எழுந்தும்
கதவருகே நின்று பேசும் விருந்தாளி.
கொசுக்களுக்கு நாங்கள்தான் விருந்து.

ரைலியின் கிதாரில் இரண்டு பிக்கப்.
காந்தம், அதைச் சுற்றி
தலைமுடியிலும் மெலிந்த செப்புக் கம்பி
ஏழாயிரம் சுற்றோ எண்ணாயிரமோ.
இரண்டும் அதே ஆறு தந்திகளின் கீழ்தான் படுத்திருக்கின்றன.
இடையில் ஐந்து விரற்கடை.

கழுத்துப் பக்கத்தில் தந்தி
கை வீசி நடக்கும்.
அங்கே எடுத்த சுரம்
வெந்நீரில் ஊறி வந்ததுபோல் இருக்கும்,
ஓரம் மழுங்கி,
விரல் சறுக்கியதைக் கண்டும் காணாமல்.

பாலத்துப் பக்கம் வேறு.
பெயர்தான் பாலம், அக்கரை கிடையாது;
தந்தி அங்கே கட்டுண்டு முடிகிறது.
வீச்சு இல்லை. நடுக்கம்தான்.
எலுமிச்சைத் தோலைக் கிள்ளினால்
கண்ணில் தெறிக்குமே, அந்தச் சத்தம்.

டாங்கோ என்றால் கழுத்து.
ஹும்ப்பா என்றால் பாலம்.
பன்னிரண்டு கோடைகளாக இதுவே சட்டம்.
எனக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை,
நான் பேஸ்; எனக்கு ஒரே பிக்கப்.
அவள் டாங்கோவும் என் பேஸும்
ஒரே போர்வைக்குள் கிடப்பது
இணக்கம் என்றே நினைத்திருந்தேன்.

பெண்கள் அழைக்கும் நேரம்.
மேடைக்கு மேலே அதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது.
இம்பி, மர அறுவை ஆலையில் இருபத்தாறு வருடம்,
ரம்பம் தின்றது போக மிச்சமிருந்த காதோடு
நேரே போய் அஞ்சல்காரர் ஓய்வாவை அழைத்தாள்.

உர்போ நான்கு எண்ணிவிட்டான்.
ரைலி சுவிட்சைக் கழுத்துக்குத் தள்ளினாள்.
சுவிட்ச் நகர்ந்தது,
சத்தம் நகரவில்லை.
மௌனம். ஒரு முழு அளவு மௌனம்.
நடுவில் நிறுத்திப் பார்த்தாள்,
பாலம் மட்டும் வந்தது.

குமிழைத் திருகிப் பளபளப்பைக் குறைத்தாள்.
கம்பளி போர்த்திய கத்தி.
பிக்கைக் கடித்துக்கொண்டு
பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்குப் போய்
கட்டைவிரல் சதையால் தடவினாள்.
மீட்டுவது எங்கே ஆனாலும்
கேட்பது அங்கேதானே இருக்கிறது.

அந்த டாங்கோவுக்கு எலும்பு இருந்தது.
ஔலிஸ் அக்கார்டியனுக்கு மேலே
ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார்.
தரையில் இரண்டு ஜோடி கால் மாற்றி வைத்தார்கள்.
ஒருவர் காபி குடிக்கப் போனார்.
அவள் நான்காம் விரல் எப்போதும் கொஞ்சம் தாமதிக்கும் என்பதை
பக்கத்தில் நின்ற எனக்கே
அன்றுதான் தெரிந்தது.

ஒரு ஜோடிக்கு இரண்டு பாட்டு.
முடிந்ததும் ஓய்வாவுக்கு நன்றி சொல்லி
அவர் இடத்தில் விட்டுவிட்டு
மேடை ஓரம் வந்தாள் இம்பி,
பச்சைக் காலணி, நெற்றி வேர்த்து:
“டாங்கோவுக்கு நீ சும்மா
பிடித்துக்கொண்டு நிற்பாய் என்றல்லவா
இத்தனை வருடம் நினைத்தேன்!”

“நன்றாக இருந்ததா?” என்றாள் ரைலி.

“அது தெரியாது. கேட்டது.”

பழுது ஒன்றும் பெரிதில்லை.
பச்சை பூத்த ஒரு தகடு.
மறுநாள் என் வேன் பானெட்டில் வைத்து
பஞ்சும் மருந்தும் கொண்டு துடைத்தாள், ஐந்து நிமிடம்.
கழுத்து திரும்பி வந்தது,
ஒன்றுமே நடக்காதது மாதிரி.

அடுத்த சனி. முதல் டாங்கோ பழையபடி.
ஜோடிகள் கண்ணை மூடிக்கொண்டார்கள்.
போர்வைக்குள் நான் புரண்டு
கொஞ்சம் விலகிப் படுத்தேன், குமிழில் அரைச் சுற்று.
போதவில்லை.

இரண்டாவதற்கு முன்
கூட்டத்தில் பச்சைக் காலணியைத் தேடினாள் ரைலி.
கடைசித் தூணருகே இருந்தது.
விரல் சுவிட்சில்.
ஔலிஸ் தலையாட்டினார், வேண்டாம் என்று.
உர்போ எண்ண ஆரம்பித்தான்.