பூம்பாறையில் மூன்று நாள் மழை

வேம்பாரிலிருந்து கிளம்பும்போது
கடல் தகரம்போல் மினுங்கிக் கிடந்தது.
அளத்தில் உப்பு வாரும் மே மாதம்.
வெயில் எங்கள் பக்கம் இருந்தது.
அதை விட்டுவிட்டுக் குளிரைத் தேடிப் போவதா என்று
விளாத்திகுளம் வரை செல்வின் வாய் திறக்கவில்லை.

எட்டு வருடமாக ஆல்வினா கேட்ட மலை.
பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைச்
சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து
இனி என்ன சாக்கு என்றாள்.

காட்ரோட்டில் முதல் சொட்டு.
காரில் வைப்பர் என்று ஒன்று இருப்பது
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.
உப்புக்காற்றில் அதன் ரப்பர்
பழைய முறுக்காய் ஆகியிருந்தது.
இரண்டு முறை கிறீச்சிட்டு
மூன்றாவது வளைவில் பிய்ந்து பறந்தது.
ஊத்து வரை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி
இடது, இன்னும் இடது, பஸ் வருது, நில்லுங்க என்று
நான்தான் வழி சொன்னேன்.
அங்கே ஒருவர் வேறு வண்டியின் வைப்பரை மாட்டிவிட்டார்,
ஒரு சாண் நீளம்.
கண்ணாடியில் ஒரு பிறை மட்டும் தெளிந்தது.
அந்தப் பிறைக்குள்தான் மலை ஏறினோம்.

தூண் பாறையில் பாறை இல்லை.
டிக்கெட் இருந்தது, வரிசை இருந்தது,
கம்பி வேலி இருந்தது.
வேலிக்கு அந்தப் பக்கம்
யாரோ காயப்போட மறந்த வேட்டிபோல் ஒரு வெள்ளை.
"இங்கதான் மூணும் நிக்குது" என்று
போட்டோக்காரர் அந்த வெறுமையைக் கைகாட்டினார்.
"நீல வானம் வச்சு பிரிண்ட் போட்டுத் தரேன்க்கா,
அம்பது ரூபாதான் கூட."
ஆல்வினா திரும்பிப் பார்க்கவில்லை.
புது மஞ்சள் ஸ்வெட்டர்,
அதன்மேல் மழைக்கோட்டு, அதன்மேல் கோபம்.

பூம்பாறையில் தகரக் கூரை அறை.
செல்வின் மணிக்கு ஒருதரம் ஃபோன் போட்டான்.
"மேகம் இருக்கா?"
"இல்லண்ணே."
"தெக்க?"
"தெக்கயும் இல்ல."
"பாத்தி எத்தன டிகிரி?"
"இருபத்தி நாலு. நீங்க சும்மா இருங்கண்ணே."

அறைக்காரர் வந்து
இன்றைக்குப் பதினேழு டிகிரி என்றார், பெருமையாக.
டிகிரி என்றால் எங்களுக்கு உப்புத்தண்ணியின் கனம்.
ஒரு நொடி நான் பதறினேன்:
பதினேழில் ஒன்றும் விளையாதே.

போன சித்திரையில் ஒரே ராத்திரி.
நாற்பது டன்.
விடிந்ததும் பாத்தி பாத்தியாக வானம் கிடந்தது,
அத்தனை அழகாக, மூன்று லட்ச ரூபாய்க்கு.
கணக்கு நோட்டில் அந்தத் தேதிக்கு நேரே
எண் எழுதக் கை வரவில்லை.
மழை என்று மட்டும் எழுதி வைத்தேன்.

இரண்டாம் இரவு தகரத்தில்
ஜல்லி கொட்டினதுபோல் இறங்கியது.
செல்வின் எழுந்துவிட்டான்.
கண் திறக்காமலே டார்ச்சைத் தேடினான்,
கைலியை மடித்துக் கட்டினான்,
"தார்ப்பாய், தார்ப்பாய்" என்று
கதவு வரை போனான்.
தாழ்ப்பாள் வேறு மாதிரி இருந்தது.
அதில் கை வைத்தபடி நின்றவனுக்கு
எந்த ஊர் என்று பிடிபடக் கொஞ்ச நேரமானது.

பிறகு கதவைத் திறந்தான்.
எதிரே பூண்டுத் தோட்டம் இருட்டில் நனைந்துகொண்டிருந்தது.
அது யாருடைய லாபமோ, யாருடைய நட்டமோ,
எங்கள் நோட்டில் அதற்குப் பக்கம் இல்லை.
நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.
கல்யாணமாகி இருபது வருடத்தில்
மழையை இப்படி வெறுமனே
நாங்கள் பார்த்ததில்லை.
"இந்த மழைக்கு நாம யாரோ" என்றான்.
கால் விரல்கள் விறைக்கும்வரை உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாளும் ஒன்றும் தெரியவில்லை.
இரண்டு கிலோ பூண்டு வாங்கிக்கொண்டு இறங்கினோம்.
"எதையுமே பாக்கல" என்று ஆல்வினா
பின்சீட்டில் படுத்துவிட்டாள்.
அவளுக்குச் சொல்ல எங்களிடம் பதில் இல்லை.
அவள் சொன்னதும் நிஜம்தானே.

காட்ரோட்டில் வெயில் முகத்தில் அடித்தது.
வத்தலக்குண்டு தாண்டியும்
காய்ந்த கண்ணாடியில்
அந்த ஒரு சாண் வைப்பர் தேய்த்துக்கொண்டே வந்தது.
செல்வின் நிறுத்தவில்லை.
நானும் சொல்லவில்லை.