அட்டவணை

பெயர் எர்வான்.
பொருளாளர் மாசிலாமணிக்குக் காது மந்தம்;
பந்தல் அட்டவணையில்
'12 - 3: இறைவன், தண்ணீர்'
என்று எழுதிவிட்டார்.
யாரும் திருத்தவில்லை.

பிரான்சில் பதினோரு வருஷம்
சம்பளத்துக்குச் சைக்கிள் ஓட்டியவர்.
எத்தனை ஜெயித்தீங்க என்றேன், ஐஸ் உடைத்தபடி.
ஒன்றுமில்லை.
பின்னால் வரும் அணிக் காருக்கு இறங்கிப் போய்
சட்டைக்குள் எட்டு பாட்டில் திணித்துக்கொண்டு
மேட்டில் மறுபடி கூட்டத்தைப் பிடிப்பது,
அதுதான் வேலையாம்.
குடித்தவன் ஜெயிப்பான்.
இவருக்கு முதுகு ஜில்லென்றிருக்கும்.

ஒரே ஒரு நாள், மழையில்,
தனியாக முன்னே போயிருக்கிறார்.
கோட்டுக்கு முன்னூறு மீட்டர்.
அதற்குமேல் சொல்லாமல்
மோர் வாளியை மூடினார்.

தண்ணீர்மலைச் சாலையில் தார் இளகும் நேரம்.
நாங்கள் நீட்டிய கப்பில் பாதி சிந்துகிறது.
அவர் நீட்டுவதில்லை,
வருகிறவரோடு நாலு எட்டு நடக்கிறார்.
ஒரு சொட்டு விழவில்லை.

காரிலிருந்து பாட்டில் கொடுப்பவன்
சில நேரம் சட்டென்று விடமாட்டானாம்;
பிடித்தபடியே கொஞ்ச தூரம் இழுத்துப் போவான்.
கள்ள ஆட்டம்தான், கண்டுபிடித்தால் அபராதம்
என்று சிரித்தார்.

பால்குடத்தோடு ஒரு பெண்,
உள்ளங்கால் வெந்து, வளைவில் தயங்கினாள்.
கப்பை நீட்டியவர்
விடவில்லை.
படிக்கட்டு வரை.

மூன்று மணி.
"இறைவன் எங்கேப்பா?"
மாசிலாமணி அட்டவணையோடு அலைகிறார்.

லாரிக்குப் போயிருக்கிறார், அண்ணே.
அதோ, கூட்டத்துக்குள்ளே வர்றார்.
சட்டைதான் புடைச்சிருக்கு.