வரவேண்டிய பாக்கி

டிசம்பர். ஒஹையோவில் காலை எட்டு மணிக்கும் இருட்டு.
வாண்டா ஹுசாக் கணக்கறை ஹீட்டரை ஒரு தட்டுத் தட்டுகிறாள்.
அவள் கம்பெனி செய்வது ஒரே பொருள்:
கார்க் கதவு பாதியில் நிற்க ஒரு சுருள்வில்.
விலை பதினோரு சென்ட்.

பெரிய கம்பெனி இவளுக்குப் பணம் தந்து எழுபத்தோரு நாள்.
கம்பிக்காரனுக்கு இவள் தந்து அறுபத்தாறு.
அவன் யாருக்குத் தரவேண்டும் என்று இவள் கேட்பதில்லை.
கேட்டால் சொல்லிவிடுவான்.

நேற்று இரவு கொழுந்தன் டுவெய்ன்
ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னான்:
"விழட்டும் அண்ணி. மட்டமான கார் செய்தவன் விழத்தான் வேண்டும்.
என் வரிப்பணம் எதற்கு?"
அவன் டென்னசியில், ஜப்பான் கம்பெனியில், பெயின்ட் பிரிவு.
அவளுக்கு வாய் வரவில்லை.
மட்டமான கார்தான்.
அவளுடையதே இரண்டு கியர்பெட்டி தின்றது.
தனி விமானத்தில் போய்க் கையேந்துகிறவர்களை
டிவியில் பார்த்தபோது அவளுக்கும்
செருப்பைத் தேடத் தோன்றியது.

பதில் இப்போது வருகிறது, பில் அடுக்கின் நடுவிலிருந்து.
அதே வில். அதே பெட்டி.
முகவரி மட்டும் வேறு.
செவ்வாய்தோறும் டென்னசிக்கு.

யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்கிறது நம் பழமொழி.
படுக்கிற யானைக்கு அடியில் யார் என்று
அது சொல்வதில்லை.

பெரியவன் விழுந்தால் வெள்ளிக்கிழமை இந்தக் கதவு பூட்டு.
செவ்வாய்க்கிழமை டுவெய்ன் பெயின்ட் அடித்த கார்
கதவு நிற்காமல் வரிசையில் நிற்கும்.
பதினோரு சென்ட்டுக்காக.

அவள் பில்லின் பின்புறம் பென்சிலால் கூட்டுகிறாள்.
நூற்று நாற்பத்திரண்டு பேர். வேலையில்லாப் படி.
ஜப்திக்குப் போகும் வீடுகள்.
சொத்துவரி வராத பள்ளிக்கூடம், அதன் பேருந்து.
எப்படியும் அரசாங்கம் செலவழிக்கத்தான் போகிறது:
கடனாகவா,
கருமாதிச் செலவாகவா?

கூட்டலில் ஒன்று இடிக்கிறது.
கடன் வந்தால் புதிதாகச் சேர்பவனுக்குப் பாதிச் சம்பளமாம்.
அவள் மகன் மே மாதம் பள்ளி முடிக்கிறான்.
அதை எந்தப் பக்கம் எழுதுவது?

பென்சிலை வைக்கிறாள்.

"டென்னசிப் பெட்டி ஏற்றவா?"
லோடிங்கிலிருந்து கர்டிஸ்.
"ஏற்று."

முப்பது நாள் தவணை என்று தாளில் அச்சாகியிருக்கிறது.
அவர்கள் இருந்தால் தருவார்கள்.
நாம் இருந்தால் வாங்கிக்கொள்வோம்.