இரண்டாம் கிளாரினெட்டின் தாள்

நான் படியெடுப்பவள்.
உஸ்கோ லெஹ்திமா எழுதிய எதையும்
முதலில் வாசித்தவை என் விரல்கள்,
காது பிறகுதான்.
பக்கத்துக்கு நான்கு மார்க்கா.
மை என் செலவு.

கோட்கா துறைமுகத்தில்
தீயணைப்புப் படையின் வாத்தியக் குழுவில் தொடங்கியவர்.
தொப்பி பெரிது, கிளாரினெட் இரவல்.
போர் முடிந்த வருடம்
கப்பல் சமையல்காரன் ஒருவன் சிகரெட்டுக்கு மாற்றாகத் தந்த
ஜாஸ் இசைத்தட்டில் ஒரு கீறல்.
ஊசி அங்கே குதிக்கும்.
குதிப்பும் பாட்டில் சேர்த்தி என்று
அப்படியே வாசிக்கப் பழகினாராம்.

கோடையில் ஏரிக்கரை நடன மேடைகளில் டாங்கோ,
கொசுக்களுக்கு இலவசம்.
குளிர்காலம் ஹெல்சின்கியில்:
பகலில் கல்லூரி, ஃபியூக்,
இரவில் கல்லியோவின் நிலவறை விடுதி.
பேராசிரியர் அவர் கோட்டை மோந்துவிட்டு
சன்னலைத் திறப்பார்.
நிலவறையில், "வந்துட்டார் டை கட்டினவர்."

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்கள்.
அவருக்கு இரண்டுமே ஆறு.
சேறு என்றவர்கள் கரையில் நின்றவர்கள்.

எங்கள் மொழியில் உஸ்கோ என்றால் நம்பிக்கை.
வங்கி மட்டும் நம்பவில்லை.
காப்பித்தூள் விளம்பரத்துக்கு எழுதிய எட்டு ஸ்வரம்தான்
வீட்டுக் கடனை அடைத்தது.
ஓபரா நான்கு இரவு ஓடியது.
மூன்றாம் இரவில் என்னையும் சேர்த்து
மாடியில் பதினொரு பேர்.

அவர் கையெழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
இரண்டு அரைக்கால் ஸ்வரங்கள்,
தாளில் சமமாகவே எழுதுவார்.
ஓரத்தில் பென்சிலால்:
"ஒரு கால் நொண்டட்டும்."
டிரம்ஸ் வாசிக்கும் ஹெய்மோவுக்கு அது போதும்.
ஆனால் இருபத்திநான்கு வயலின்கள்!
எவ்வளவு நொண்ட வேண்டும் என்று கேட்டுக்
கடிதம் வந்தது, சங்கத்தின் முத்திரையோடு.

எழுபத்தொன்று, பிப்ரவரி.
ஓட்சோவுக்குக் காய்ச்சல், வயது நான்கு.
ஒரு கை அவன் நெற்றியில்,
ஒரு கை பேனாவில்.
விடியும்போது கிளாரினெட் தாள்கள் காய்ந்திருந்தன.
காய்ச்சல் இறங்கியிருந்தது.

துர்க்குவில் ஒத்திகை.
நடத்துநர் கோலைத் தட்டினார்.
"இரண்டாம் கிளாரினெட், அங்கே ஷார்ப் இல்லையா?"
எக்ப்ளாட் தாளைத் தூக்கிக் காட்டினார்.
"எனக்கு வெறும் எஃப்தான் போட்டிருக்கு."
கடைசி வரிசையில்
கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு நான்.

உஸ்கோ நடைபாதையில் ஏறி வந்தார்,
பூட்ஸிலிருந்து பனி உருகிச் சொட்ட.
தாளைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"இன்னொரு தடவை வாசியுங்கள்."
வாசித்தார்கள்.
"வயோலாக்கள் கொஞ்சம் சாய்ந்து கொடுங்கள் அதற்கு."
வாசித்தார்கள்.
யாருக்கோ தும்மல் வந்தது, அடக்கிக்கொண்டார்.
பிறகு தன் மூலப்பிரதியை எடுத்து
ரப்பரால் எதையோ தேய்த்தார்,
ஊதினார்,
அடுத்த பக்கம் திருப்பினார்.

"வடக்கின் தனிமை முழுதும் அந்த ஒற்றை ஸ்வரத்தில்"
என்று எழுதியது பத்திரிகை.
அந்தத் துண்டைக் கத்தரித்து
எனக்கு அனுப்பினார்.
உறைக்குள் நான்கு மார்க்கா.
ஒரு வார்த்தை இல்லை.

அவர் போன மறு வருடம்
பதிப்பகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசினாள்.
முழுத் தொகுப்பு கணினியில் ஏறுகிறதாம்.
"நூற்றுப் பன்னிரண்டாம் தாளக்கட்டில்
ஒரு ஷார்ப் அழிக்கப்பட்டிருக்கிறது.
இசையமைப்பாளரின் உண்மையான எண்ணம் எது?
உங்களுக்கு நினைவிருக்கிறதா, அம்மா?"

அடுப்பில் லிங்கன்பெர்ரி ஜாம் கொதித்துக்கொண்டிருந்தது.
ஒரு நிமிடம் என்று கிளறிவிட்டு வந்தேன்.
"அழித்தது அவர் கைதான்," என்றேன்.
பொய்யில்லை.
ரப்பர் அவருடையது.

ஓட்சோ இப்போது டிராம் ஓட்டுகிறான்,
ஏழாம் எண் தடம்.
இசை என்றால்
அவனுக்கு அவ்வளவாகப் பிடிக்காது.