வருமுங்க

நட்சத்திரக் குறியிட்ட வினா, எண் நூற்றுப் பதினேழு.
(அ) மூலனூர் ஒன்றியம், ஊஞ்சவலசில் கட்டிய
மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி பயன்பாட்டில் உள்ளதா?
(ஆ) இல்லையெனில், எப்போது பயன்பாட்டுக்கு வரும்?

கோட்டையிலிருந்து திருப்பூருக்கு,
திருப்பூரிலிருந்து ஒன்றியத்துக்கு,
சரிவில் விட்ட தேங்காய்போல
உருண்டு வந்து என் மேசையில் நின்றது தாள்.
நாளை மாலைக்குள் விடை.

போய்ப் பார்த்தேன். பார்க்காமல் எழுதியதாக
யாரும் சொல்லக்கூடாது.
பதினெட்டு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம்
நீலம் பூசிக்கொண்டு நாலு காலில் நின்றது.
நிழலில் எட்டு வெள்ளாடு, ஒரு மொபட்.
வடக்குக் காலில் மூன்று கரிக்கோடு,
பையன்களுக்கு ஸ்டம்ப்.
ஏறுகுழாய் தரைக்கு மேல் ஒரு முழம் வந்து
வாயைத் திறந்தபடி நின்றிருந்தது.
ஆத்துத்தண்ணி போகும் குழாய்
நானூறு மீட்டர் தள்ளி, ரோட்டுக்கு அக்கட்டால.
"நடுவுல நெடுஞ்சாலைத் துறைங்க," என்றார்
மோட்டார் இல்லாத மோட்டார் ஆபரேட்டர் மாரப்பன்.

எழுதினேன்:
(அ) ஆம், பயன்பாட்டில் உள்ளது.
(ஆ) எழவில்லை.

இருபத்திரண்டு வருஷத்தில் ஆபீஸ் எனக்குக் கற்றுத்தந்த சொற்களில்
இதைப்போல் இதமானது வேறில்லை.
கேள்விக்குப் பாய் விரித்து, படுக்க வைத்து,
விளக்கை அணைத்துவிட்டு வருகிற சொல்.

வியாழக்கிழமை அமைச்சர் அதை வாசித்தார்.
மேசையைத் தட்டினார்கள்.
உட்காரப் போனவரை நிறுத்தியது ஒரு துணைக் கேள்வி:
"தண்ணீர் வருகிறதா?"

அமைச்சர் அதிகாரிகள் மாடத்தைப் பார்த்தார்.
மாடம் இயக்குநரை, இயக்குநர் ஆட்சியரகத்தை,
ஆட்சியரகம் பிடிஓவை,
பிடிஓ என்னை.
நான் பஸ் ஸ்டாண்ட் பேக்கரியில்,
வாய் நிறையத் தேங்காய் பன்.
"ஏம்ப்பா, அந்த டேங்க்ல தண்ணி வருதா?"
விழுங்காமலே சொன்னேன்:
"வருமுங்க."

குழாய் போட்டால் வரும்.
ஐப்பசியில் மழை வரும் என்கிறோமே, அந்த வரும்.
இல்லை, தினமும் காலை ஏழுக்கு
ஈரோட்டு பஸ் வரும், அந்த வரும்.
எந்த வரும் என்று நானே பிரித்துப் பார்க்கவில்லை.
நம் பாஷை ரெண்டையும்
ஒரே சாக்கில் போட்டுக் கட்டித் தருகிறது.

என் சொல் மேலே ஏறியது.
தாராபுரம் தாண்டுமுன் 'ங்க' உதிர்ந்தது.
திருப்பூரில் சட்டை மாற்றிக்கொண்டது.
சென்னையில் இறங்கும்போது காலமே மாறியிருந்தது.
துண்டுச் சீட்டில் அமைச்சர் கையை அடைந்தபோது
அதற்கு என்னைத் தெரியாது.

"வருகிறது, பேரவைத் தலைவர் அவர்களே."

அன்று பொழுதோட பாவாத்தாளக்கா
ரெண்டு குடத்தோடு ஆபீசுக்கே வந்துவிட்டார்.
"செல்லுல காட்டுனாங்க தம்பி.
மந்திரி வருதுன்னாருங்களே,
எந்தப் பக்கமா வருதுன்னு கேட்டுட்டுப் போலாம்னு."
சிரிக்கவில்லை.
ஒரு குடத்தை என் தபால் பதிவேட்டின்மேல் வைத்தார்.
எடுத்தபோது சப்பைத்தண்ணி காய்ந்த உப்பு
வட்டமாகத் தாளில் ஒட்டியிருந்தது,
ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி.
குழாய்க்கு எழுதியிருக்கிறேன் என்றேன்.
நிஜமாகவே எழுதியிருந்தேன்.
நாலு லட்சத்து முப்பதாயிரம், வரைபடத்தோடு.

பதினோராம் நாள் அது திரும்பியது. பச்சை மையில்:
"நீர் வருவதாக மாண்புமிகு அமைச்சர்
அவையில் தெரிவித்துள்ளார்.
எனவே நிதி கோரும் தேவை எழவில்லை."

நல்ல கையெழுத்து.
ரெண்டு தரம் படித்தேன்.
என் சொல்லைத்தான் எனக்கே அனுப்பியிருக்கிறார்கள்,
வட்டியில்லாமல்.

பாவாத்தாளக்கா ஆபீஸ் படியில் உட்கார்ந்திருக்கிறார்.
அவரைத் தாண்டாமல் வெளியே போக வழியில்லை.
ஐந்தே முக்கால். ஃபேனை நிறுத்தினேன்,
பீரோவைப் பூட்டினேன், ஜன்னலைச் சாத்தினேன்.
வாட்ச்மேன் சாவியை ஆட்டிக் காட்டினார்.
லைட்டையும் அணைத்தாயிற்று.

அவர் எழவில்லை.