செவுள்

மண்டபம் கரையில் நின்றால் போன்
இலங்கைக்கு நல்வரவு என்கிறது.
நிமிடத்துக்கு இவ்வளவு கட்டணம் என்கிறது.
அங்கிருந்துதான் தொடங்கினேன்:
"இப்ப நாம எந்த நாட்டுல இருக்கோம்?"
சிரித்தார்கள்.
"போனைக் கேக்காதீங்க, ஜன்னலைப் பாருங்க."
ஜன்னலில் சீமைக்கருவேலம்,
துறைக்குச் சொந்தமான துருப்பிடித்த படகு,
வாசலில் கட்டிய பேனரின் முதுகு.
எண்ணிம எழுத்தறிவு என்று கொடுத்ததை
ராமநாதபுரத்து அச்சகத்தில்
எண்ணெய் எழுத்தறிவு ஆக்கியிருந்தார்கள்.
மூன்று நாளும் அது அப்படியே ஆடியது.

இருபத்திரண்டு கணினியில் ஓடுவது ஒன்பது.
உப்புக்காற்று தின்றது போக மிஞ்சியதில்
'எஸ்' அழுந்தாத எந்திரம்
எஸ். எஸ். வில்லாயுதத்துக்கு வாய்த்தது.
முதுகலை இரண்டாம் ஆண்டு.
கடற்பாசி எடுக்கும் காட்சிகளை
கட்டைவிரலால் வெட்டி ஒட்டி இசை சேர்ப்பான்,
பதினோராயிரம் பேர் பார்க்கிறார்கள்.
ஆய்வறிக்கையை மட்டும்
திரையைப் போட்டோ எடுத்து
நாற்பத்தாறு படங்களாக அனுப்பியவன்.

கண்காணிப்பாளர் கோட்டைச்சாமி
மின்னஞ்சலை அச்செடுத்து
பச்சை மையில் 'பார்த்தேன்' எழுதி
கோப்பில் கட்டுவார்.
கடவுச்சொல் மேசைக் கண்ணாடிக்கு அடியில்,
முருகன் படத்துக்குப் பக்கத்தில்,
காவலுக்கு.

காதெலும்பைப் பார்த்தே
மீனின் வயது சொல்லும் முனைவர் ரெஜினா பர்னாந்து
'ஏற்கிறேன்' எங்கே தெரிந்தாலும் அழுத்திவிடுவார்.
"கேட்டதுக்கெல்லாம் சரின்னு சொல்லியே
வளர்ந்துட்டோம்மா."

இரண்டாம் நாள் அவரே வழி காட்டினார்:
"பாம்பன்ல மீன் வாங்கும்போது
செவுளைத் தூக்குறோம்ல?
செவப்பா இருந்தா விலை பேசுறோம்,
வெளுத்திருந்தா நகர்ந்துடுறோம்."
பலகையில் எழுதினேன்:
அனுப்பியவர் பெயர், செதில். மினுக்கும்.
முகவரி, செவுள். தூக்கிப் பார்.
எல்லோரும் குறித்துக்கொண்டார்கள்.
எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கீழக்கரை நபீலா எழுதவில்லை.
"மேடம், மீன்காரம்மா முன்னாடி தூக்கலாம்.
பதிவாளர் பேர்ல வந்த மீனை
யாரு தூக்குவா?"

மின்விசிறி சுற்றியது.

போன ஐப்பசியில் வந்த அஞ்சல் அது.
கூட்டத்தில் இருக்கிறேன், பேச இயலாது.
பரிசு அட்டைகள் வாங்கி எண்களை அனுப்பவும்.
அவசரம். பிறகு தருகிறேன்.
மூலையில் பதிவாளர் படம், கோட்டு டையோடு.

உதவி நூலகர் நான்.
இணையப் பாதுகாப்பில்
மூன்று சான்றிதழ் வைத்திருக்கிறேன்.
பதினாலாயிரம். தீபாவளி முன்பணம்.
வீட்டில் பல் வைத்தியம் என்று சொன்னேன்.
ஒரு வாரம் இடதுபக்கம் மெல்லவில்லை.

மூன்றாம் நாள் காலை
ஸ்லைடைத் திறக்காமல் இதைச் சொன்னேன்.
பல்லையும் சேர்த்து.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
கோட்டைச்சாமி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி
வெகுநேரம் துடைத்தார்.
"எனக்கு ஒம்பதாயிரம்."
ரெஜினா, "ரெண்டு தடவை."
வில்லாயுதம், "எனக்கும் வந்துச்சு மேடம்.
காசு இல்ல."
அதற்குப் பிறகு நடந்ததைப் பாடம் என்று
எந்த அறிக்கையிலும் நான் எழுத முடியாது.
டீ ஆறிப்போனது.
கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன.

மாலை நாலு மணிக்குப்
பதிவாளரிடமிருந்து அஞ்சல்:
வருகைப் பட்டியல் உடனே அனுப்பவும். அவசரம்.
ஒருவரும் அனுப்பவில்லை.
நபீலா முகவரியை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.
சரியாகத்தான் இருந்தது.
இருந்தாலும்
முப்பத்தோரு வருட சர்வீசில் முதல்முறையாக
கோட்டைச்சாமி தானாகவே அவரை அழைத்தார்,
சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு.
"ஐயா, அனுப்புனது நீங்கதானான்னு..."

ஸ்பீக்கர் போடாமலே
கடைசி பெஞ்சு வரை கேட்டது:
"என்னய்யா, என்னையே சந்தேகப்படுறியா?"

போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு
எங்கள் பக்கம் திரும்பினார்.
"நல்ல செவப்பு.
அனுப்புங்க."