எண்பத்தெட்டாம் கொக்கி

வூச் நகரில், பழைய நூலாலையின் நிலவறையில்
எங்கள் அரங்கம்.
விளக்கு விழுந்த மேடையை நான் பார்த்ததில்லை.
பதினான்கு குளிர்காலமாக
அதற்கும் எனக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்,
முந்நூற்று அறுபது கொக்கிகள்,
ஈரக் கம்பளியின் நாய்வாடை.

ஆற்றோரம் புதிதாகக் கண்ணாடி அரங்கம் வந்திருக்க
ஏன் இந்தப் பொந்துக்கு வருகிறீர்கள் என்று
வருகிறவர்களைக் கேளுங்கள்.
யாக்னா தூணைச் சொல்வாள்:
நட்டநடுவே, எவர் கண்ணையும் மறைக்கும் இரும்புத் தூண்.
அதன் பின்னால் நின்றால் தெரிவது
டிரம்ஸ்காரனின் இடது முழங்கை மட்டும்.
அந்த முழங்கைக்காகவே
ஒரு மணி நேரம் முன்னதாக வந்து நிற்பாள்.
வித், கழிவறைச் சுவரைச் சொல்வான்.
அங்கே தன் பெயருக்குக் கீழே கிறுக்கியிருந்த பெயரைத் தேடிப்போய்
மணந்துகொண்டவன். விவாகரத்தும் ஆயிற்று.
இப்போது இருவரும் தனித்தனியே வந்து
அதே சுவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.
கூரையைச் சொல்கிறவர்கள்தாம் அதிகம்.
கை தூக்கினால் இடிக்கும் கூரை;
அத்தனை பேர் மூச்சும் அதில் வேர்த்து
கடைசிப் பாட்டுக்குச் சொட்டத் தொடங்கும்.
கவிதைக்காகச் சொல்லவில்லை.
என்னிடம் வந்து துண்டு கேட்பார்கள்.

என்னை யாரும் கேட்டதில்லை.
கேட்டால், கோட்டுகளைச் சொல்வேன்.
பேஸ் கிட்டார் எழுந்ததும்
முதலில் எண் பொறித்த தகர வில்லைகள் நடுங்கும்,
எண்பதுகளில் உள்ளவை முன்னே, மற்றவை பின்னே;
சுவருக்குள் குழாய் ஏதும் ஓடுகிறதோ என்னவோ.
பிறகு கொக்கிகள்.
பிறகு பைக்குள் சாவிகள், சில்லறை,
ஒருமுறை ஒரு பல்செட்.
ஜூனில் கொக்கிகள் காலி.
பாடகி மூச்சு இழுப்பதுகூடச் சுத்தமாக வந்துவிடும்.
ஜனவரியில் கம்பளி பாட்டை விழுங்கிவிடும்,
எனக்குக் கிடைப்பது அதன் வயிற்றுச் சத்தம்.
ஆனாலும் ஜனவரிதான் பிடிக்கும்.
ஜனவரியில் சில்லறையும் சேரும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன பிப்ரவரி, பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது.
பியாவிஸ்தோக்கிலிருந்து மூன்று பெண்கள்:
ஒரு அக்கார்டியன், ஒரு செல்லோ,
வில்லால் வாசிக்கும் ஒரு மர ரம்பம்.
சுவரொட்டியில் அவர்கள் பெயரே தப்பு.
மொத்தம் நாற்பத்தொரு கோட்டு.
பதினொன்றரைக்கு முடிந்தது.
முடிந்தும்,
மழை விட்டும் தூவானம் விடாத கைதட்டல்.
வந்து வாங்கியவர்கள் ஒரு வார்த்தை பேசவில்லை.
வலக்கையை இடக்கைக்குள் நுழைத்துக்கொண்டு
அப்படியே படியேறினார் ஒருவர்.

நாற்பது போயின.
எண்பத்தெட்டு தொங்கியது.
சாம்பல் நிறம். பையில் கையுறை, டிராம் சீட்டு.
இந்தக் குளிரில் கோட்டில்லாமல் ஒரு ஆள் எங்கே போவார்?
காலையில் செய்தித்தாளில்
விறைத்துப்போனவர் யாராவது உண்டா என்று பார்த்தேன்.

நாலாம் நாள் வந்தார்.
பல் மருத்துவர், எவாரிஸ்ட் என்று பெயர்.
வில்லையை மேசைமேல் வைத்தார்.
இரண்டு கிலோமீட்டர் நடந்துபோய்
வாசலில் சாவியைத் தேடிக் கையை விட்டபோதுதான்
பையும் இல்லை, கோட்டும் இல்லை என்று தெரிந்ததாம்.
மூன்று நாள் காய்ச்சல், மனைவியிடம் வசவு, எலுமிச்சைத் தேநீர்,
எல்லாம் சொன்னார். இருமினார்.
"அந்தக் கடைசிப் பாட்டு,
இங்கே உங்களுக்கு எப்படிக் கேட்டது?"

இருமல் அடங்கட்டும் என்று காத்திருந்தேன்.
காலிக் கொக்கிகளில் நகத்தால் தட்டினேன்.
எண்பத்தெட்டு.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
எழுபத்தொன்று. எழுபது.
மறுபடி ஒன்றுமில்லை,
அதைத்தான் சரியாகச் செய்யப் பார்த்தேன்.
பிறகு, மிக மெல்ல, எண்பத்தெட்டு.

அவர் அசையவில்லை.
கோட்டு கையிலேயே இருந்தது.

நாலு நாளுக்கு எட்டு ஸ்வாட்டி என்றேன்.
விதி விதிதானே.
பத்தாகக் கொடுத்துவிட்டு
படியில் பாதி ஏறி
நின்று
மாட்டிக்கொண்டார்.